அத்தியாயம் 7: விரிசல் விட்ட கரியடுப்பு

கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சேலம் நோக்கி இரவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். காரிமங்கலத்திலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கும் வரை சாலையோரம் தாபா விளக்குகள் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். வடக்கிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரருக்கு ரொட்டி இல்லாமல் சாப்பாடு இறங்காது; ரொட்டிக்குத் தந்தூர் வேண்டும். தருமபுரி ஊருக்குள் வந்தால் மாலையில் கரியில் கோழி சுடும் கடைகள். ஒகேனக்கல் பக்கம் போனால் சோளக்கதிர் வாட்டும் குமுட்டி அடுப்பு. இப்போது சில பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் முட்டை வடிவப் பீங்கான் கிரில்லும் வந்துவிட்டது.

பார்ப்பதற்கு வேறு வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம்தான். உள்ளே கரி, அதைச் சுற்றிச் சுட்ட மண். அதனால் எல்லாவற்றுக்கும் வரும் நோயும் ஒன்றே: விரிசல்.

இந்த அத்தியாயம் அந்த விரிசலைப் பற்றியது. எதை அப்படியே விடலாம், எதை அடைக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும், அடைப்பதென்றால் எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடைக்கும் வேலை ஒரு மணி நேரம்தான். காயவிடவும் மெல்லச் சூடேற்றவும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஏன் வெடிக்கிறது?

சுட்ட மண்ணுக்கு நெருப்பு பகை இல்லை. நெருப்பில்தானே அது பிறந்தது? அதை வெடிக்க வைப்பவை மூன்று.

முதலாவது, ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர். கரிக்கு விசிறி போட்டு ஊதினால் கங்கு 1,000 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். சுவரின் உள்பக்கம் விரிகிறது. வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் விரிய மறுக்கிறது. மண் இழுபட்டுக் கிழிகிறது. நம் ஊர்ச் செம்மண்ணில் பொடிக்கல் அதிகம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் 573 டிகிரியைத் தாண்டும்போது ஒரே தாவலாக விரியும், அதே வெப்பத்துக்குக் கீழே இறங்கும்போது ஒரே தாவலாகச் சுருங்கும். மெல்லக் கடந்தால் மண் தாங்கும். அவசரமாகக் கடந்தால் தாங்காது.

இரண்டாவது, ஈரம். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 பங்கு இடம் கேட்கும். மண்ணின் துளைக்குள் ஊறிய மழைத்தண்ணீருக்கு வெளியே வர நேரம் கொடுக்காமல் தீ மூட்டினால், அது தானாக வழி செய்துகொள்ளும். இரவு கடை சாத்தும்போது கங்கின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அணைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதல் காரணத்தையும் இரண்டாவது காரணத்தையும் ஒரே குடத்தில் ஊற்றுவது அது. மேலே மூடி, கீழே சாம்பல் வாயை அடைத்தால் கரி தானே அணையும். மிச்சக் கரி மறுநாளைக்கும் ஆகும்.

மூன்றாவது, இரும்பு. இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. கரி தாங்கும் சல்லடைத் தட்டு, அடுப்பின் தகரக் கூடு, இறுக்கிக் கட்டிய பட்டை எல்லாமே இரும்பு. சுட்ட மண்ணைவிட இரும்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 20 செ.மீ. குறுக்களவுள்ள சல்லடை 600 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். மண்ணோடு நெருக்கிப் பதித்த சல்லடைக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்கே கிடைக்கும்? மண்ணைப் பிளந்துதான் எடுத்துக்கொள்ளும். புதிதாக மண் பூசியும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் வருகிறதா? மண்ணைத் திட்டாதீர்கள், சல்லடையைப் பாருங்கள்.

முதலில் விரிசலைப் படியுங்கள்

அடுப்பு முழுக்க ஆறட்டும். கடைசிக் கங்கு அணைந்து ஒரு நாள் போன பிறகுதான் கை வைக்க வேண்டும். சாம்பலை அள்ளி, பழைய பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துவிட்டு நான்கு சோதனை செய்யுங்கள்.

தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது போலத்தான். கணீரென்று வந்தால் விரிசல் மேலோடு நிற்கிறது. பொத்தென்று வந்தால் சுவரை ஊடுருவிவிட்டது. செங்கல் பெட்டிக்குள் புதைந்த தந்தூருக்கு இந்தச் சோதனை சரிவராது. மணலில் புதைந்த பானை நல்லதாக இருந்தாலும் பொத்தென்றுதான் ஒலிக்கும்.

தீக்குச்சியை நுழைத்துப் பாருங்கள். நகம்கூட நுழையாவிட்டால் அது மயிரிழைக் கீறல். நகம் நுழைந்து தீக்குச்சி நுழையாவிட்டால் நடுத்தரம். தீக்குச்சியே நுழைந்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்துவிட்டது என்று பொருள்.

திசையைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஓடும் விரிசல் பெரும்பாலும் சாதுவானது. பானையின் வடிவமே இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். சுற்றுவாட்டில் ஓடும் விரிசல் ஆபத்து. அது வளையமாக முழுவதும் ஓடிச் சேர்ந்துவிட்டால் மேல் பகுதி தனியாகக் கழன்று நிற்கிறது.

வளர்கிறதா என்று பாருங்கள். விரிசலின் இரு நுனியிலும் ஆணியால் சிறு கோடு கீறி, தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாள் வழக்கம்போல அடுப்பைப் பயன்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது நின்றுவிட்ட விரிசல்.

இந்த நான்கையும் வைத்து முடிவு எடுப்பது எளிது:

- மயிரிழைக் கீறல், வளரவில்லை: விட்டுவிடுங்கள். சூடேறும்போது மண் அசைய அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.
- தீக்குச்சி நுழைகிற அல்லது நுழையப் பார்க்கிற, மேலிருந்து கீழ் ஓடும் விரிசல்: அடைக்கலாம்.
- சுற்றி வந்து சேர்ந்த விரிசல், கையால் தொட்டால் ஆடும் துண்டு, கட்டை விரல் தடிமனுக்கும் கீழே தேய்ந்த தந்தூர்ச் சுவர்: மாற்றுங்கள்.

கடையில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்

தொப்பூர்ப் பக்கம் ஒரு தாபாவில், தந்தூர் பார்க்க வந்த முதிய குயவரிடம் அடுப்பு மாஸ்டர் முறையிட்டுக்கொண்டிருந்தார். "ரொட்டியில மண்ணு கடிக்குதுன்னு லாரிக்காரங்க சொன்னாங்க தாத்தா. சிமெண்ட்ட கொழச்சி அடச்சேன். ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பத்துப் பத்தா உதிருது." பெரியவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூசறது ஒரு மணி நேரந்தான் தம்பி. நீ வெச்ச சிமெண்ட்டச் சொரண்டி எடுக்கத்தான் எனக்கு ரெண்டு நாளாவும்."

கட்டட சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது அதற்குள் நீர்த்த சுண்ணாம்பு உண்டாகிறது. 400 டிகிரியைத் தாண்டினால் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அடுப்பு ஆறிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மறுபடி உப்புகிறது. உப்பி உப்பி உதிர்கிறது, போகும்போது பக்கத்து நல்ல மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. நெருப்பு படாத வெளிப்பக்கத்தில் சிமெண்ட் இருக்கலாம். நெருப்பைப் பார்க்கும் பக்கத்தில் கூடவே கூடாது.

எம்-சீல் போன்ற எபாக்சிப் பசைகள் தண்ணீர்க் குழாய்க்கு நல்லவை. அடுப்புச் சூட்டில் அவை கருகிப் புகையும்; அந்தப் புகை உணவில்தான் படியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சூட்டில் தன் நீரை இழந்து மாவாகிவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை நெருப்பருகே கட்டினால் நச்சுப்புகை வரும். கறுப்புக் கட்டுக்கம்பியோ எவர்சில்வர் கம்பியோ போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, தகடு எதையும் தொடாதீர்கள். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

அடைப்பு மண் தயாரித்தல்

வேண்டியவை இரண்டே பொருள்: களிமண், ஓட்டுத்தூள்.

களிமண்ணுக்கு அருகிலுள்ள குயவர் வீட்டுக்குப் போவதே உத்தமம். அவர் மிதித்துப் பக்குவப்படுத்திய மண் ஒரு வாளி போதும். ஏரி மண்ணை நீங்களே எடுப்பதானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் வேலை சுக்கான் கல்லைப் பொறுக்குவது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளை வெள்ளையாய், பட்டாணி அளவில் மண்ணோடு கலந்து கிடக்கும் சுண்ணாம்பு முடிச்சு அது. ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும், அடுப்பில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் குடித்து உப்பி, பூச்சைப் பொரி பொரியாய்த் தெறிக்க வைக்கும். சந்தேகமான கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுக்கான். களிமண்ணை உலர்த்தி, தட்டி, கொசுவலையில் சலித்து, நான்கைந்து நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். உப்புப் பூக்கிற போர் தண்ணீர் வேண்டாம். காயும்போது மேலே வெள்ளைப் படலம் கட்டி மேல்தோல் உரியும். மழைத்தண்ணீரோ ஒகேனக்கல் குடிநீரோ நல்லது.

ஓட்டுத்தூள் என்பது ஏற்கெனவே சுட்ட மண்ணின் பொடி. உடைந்த நாட்டு ஓடு, பானைச் சில்லு, நன்கு வெந்த செங்கல் எதுவானாலும் சரி. பெயிண்ட் அடித்ததும் பளபளப்புப் பூச்சு உள்ளதும் ஆகாது. பழைய உரலில் போட்டு இடித்து டீ வடிகட்டியில் சலியுங்கள். இடிக்கும்போது ஓட்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் நன்றாக மூடுங்கள். இந்தத் தூசு மார்புக்கு ஆகாது.

ஓட்டுத்தூள் எதற்கு? பச்சைக் களிமண் காயும்போது சுருங்கும். விரிசலுக்குள் வெறும் களிமண்ணை அடைத்தால் அது சுருங்கி, ஒரு விரிசல் இருந்த இடத்தில் இரு ஓரமும் விலகி இரண்டு விரிசல் ஆகும். ஓட்டுத்தூள் ஒருமுறை சுருங்கி முடித்துவிட்ட மண், இனிச் சுருங்காது.

விரிசல் அடைக்க: களிமண் 1 பங்கு, ஓட்டுத்தூள் 2 பங்கு. புதிதாக உள்பூச்சு பூச: களிமண் 2 பங்கு, ஓட்டுத்தூள் 2 பங்கு, சலித்த உமி அரைப் பங்கு. உமி எரிந்து போன இடங்களில் நுண்துளைகள் நிற்கும். அவை சூட்டைப் பிடித்து வைக்கும், விரிசல் ஓடுவதையும் தடுக்கும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள்.

அடுப்பில் வைப்பதற்கு முன் ஒரு சிறு பரீட்சை. கலவையில் விரல் தடிமனுக்கு ஒரு பட்டை செய்து, அதன் மேல் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். நிழலில் காய்ந்த பின் அளந்து பாருங்கள். 9.5 செ.மீ.க்குக் கீழே வந்திருந்தால் சுருக்கம் அதிகம், ஓட்டுத்தூளைக் கூட்டுங்கள். தொட்டதும் பொடிந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

ரொட்டியோ இறைச்சியோ படாத பகுதிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஃபயர் கிளே என்று கேட்டால் தீச்செங்கல் விற்கும் கடைகளில் கிடைக்கும். சேலம் சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட்டைச் சார்ந்து அங்கே தீச்செங்கல் தொழில் வளர்ந்திருப்பதால் நமக்கு அதுவே கிட்டத்துச் சந்தை. மேக்னசைட் செங்கல் உருக்காலைகளுக்கானது, நமக்கு வேண்டாம். ஃபயர் கிளே என்றே கேட்டு வாங்குங்கள். அதோடு சோடியம் சிலிகேட் கரைசலைச் சேர்த்துக் களிம்பாகக் குழைத்தால் காயும்போதே இறுகும், சூட்டில் மேலும் இறுகும். சோப்பு செய்கிறவர்கள் வாங்குவதும் இதே சிலிகேட்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழை நனையும் இடத்தில் இது நிற்காது.

தந்தூர் பானையின் விரிசல்

தந்தூர் என்பது வாய் குறுகிய பெரிய மண் பானை. செங்கல் பெட்டிக்குள் நிறுத்திச் சுற்றிலும் மணல் முதலியவற்றை இட்டு நிரப்பியிருப்பார்கள். அதனால் வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சுவர் ஊடுருவி வெடித்துவிட்டது என்பதற்கு முதல் அறிகுறி ரொட்டியில் மணல் கடிபடுவது. இரண்டாவது, காலையில் சாம்பலோடு மணல் கலந்து வருவது. இங்கே விரிசலை விட்டுவைக்க முடியாது, அடைத்தே ஆக வேண்டும்.

1. விரிசலின் ஓரத்தில் தளர்ந்திருக்கும் மண்ணையும் பழைய பூச்சையும் சுரண்டி எடுங்கள். ஆக்சா பிளேடின் துண்டு ஒன்று இதற்குப் போதும்.

2. விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். வாய்ப்பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்க வேண்டும். நல்ல சுவரை வெட்டுகிறோமே என்று மனம் தடுக்கும். வெட்டாவிட்டால் அடைப்புக்குப் பிடி கிடைக்காது. முதல் சூட்டிலேயே நாக்குப் போல வெளியே தள்ளிவிடும்.

3. ஊதி, துடைத்துத் தூசு போக்குங்கள். பிறகு தண்ணீரில் நனைத்த துணியால் விரிசலின் உள்சுவரை மூன்று நான்கு முறை ஒற்றுங்கள். காய்ந்த சுட்ட மண் தாகத்தோடு இருக்கும். அதன் தாகத்தைத் தீர்க்காமல் கலவையை வைத்தால் கலவையிலுள்ள தண்ணீரை ஒரே இழுப்பில் இழுத்துக்கொள்ளும், ஒட்டாது.

4. களிமண்ணை மோர் பதத்துக்குக் கரைத்து பிரஷ்ஷால் உள்ளே ஒரு கை பூசுங்கள். அது காய்வதற்குள் கெட்டிக் கலவையை நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக எடுத்து, ஆழத்திலிருந்து தொடங்கிக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். ஒரே கட்டியாகத் திணித்தால் பின்னால் காற்று தங்கும்.

5. சுவர் மட்டத்துக்கு மேல் ஒரு தோசை கனத்துக்கு உயர்த்தி நிறுத்துங்கள். மூன்று மணி நேரம் கழித்து, தொட்டால் விரல் ஒட்டாத பதத்தில் மரக்கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி மட்டம் செய்யுங்கள். குயவர் பானையின் அடியைத் தட்டி மூடுவதும் இந்தப் பதத்தில்தான்.

6. முதல் நாள் முழுதும் வாய் மேல் ஈரச் சாக்கு கிடக்கட்டும். பிறகு சாக்கை எடுத்துவிட்டு மூன்று நாள் காற்றில் உலர விடுங்கள். நடுவில் ஓரங்களில் மயிரிழை தெரிந்தால் மோர்ப் பத மண்ணை விரலால் தேய்த்து விடுங்கள். வேகமாகக் காயட்டும் என்று உள்ளே பல்பு தொங்கவிடுவதும் ஃபேன் வைப்பதும் வேண்டாம்.

ரொட்டி ஒட்டும் சுவரில் சிலிகேட் கலந்த பூச்சு கூடாது. வெறும் மண்தான்.

குமுட்டியின் உள்பூச்சு

இரும்பு வாளி, உள்ளே மண் பூச்சு, நடுவில் சல்லடை, கீழே சாம்பல் வாய். குமுட்டியில் விரிசலை மட்டும் அடைப்பதைவிடப் பூச்சு முழுவதையும் உடைத்தெடுத்துப் புதிதாகப் பூசுவது சுலபம். அரை நாள் வேலைதான்.

உள்பூச்சு இரண்டு விரல் தடிமன் இருக்கட்டும். சல்லடையை வைக்கும் முன் அதன் விளிம்பைச் சுற்றி, தீக்குச்சி கனத்துக்கு மேல் வரும்படி செய்தித்தாளை மடித்து மடித்துச் சுற்றி நூலால் கட்டுங்கள். பிறகு மண்ணில் பதியுங்கள். முதல் தீயில் தாள் எரிந்து போகும். அது இருந்த இடம் இரும்புக்கு விரிய வழியாக நிற்கும். சல்லடையைக் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடாத சல்லடை அடுத்த விரிசலுக்கு அச்சாரம்.

இதைவிடச் சிறந்த ஏற்பாடு சல்லடையையும் சுட்ட மண்ணிலேயே செய்துவிடுவது. கென்யாவில் 1980களின் தொடக்கத்தில், தாய்லாந்தின் வாளி அடுப்பை முன்மாதிரியாக வைத்து ஒரு கரியடுப்பை உருவாக்கினார்கள். உடுக்கை போல இடை குறுகிய தகரக் கூடு. அதன் மேல் பாதியில் துளையிட்ட அடியோடு கூடிய சுட்ட மண் கிண்ணம். கிண்ணத்துக்கும் தகரத்துக்கும் நடுவே வெர்மிகுலைட் கலந்த சிமெண்ட் பூச்சு. கவனியுங்கள், அங்கே சிமெண்ட் இருப்பது நெருப்பு நேரே படாத பக்கத்தில். நம்மூர்க் குயவரிடம் அளவு கொடுத்தால் அப்படி ஒரு கிண்ணம் சுட்டுத் தருவார். கிண்ணம் வெடித்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தகரக் கூடு அப்படியே இருக்கும்.

பீங்கான் கிரில்லின் உள்கிண்ணம்

முட்டை வடிவ கிரில்லுக்கு மூலம் ஜப்பானியரின் கமாடோ அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக அமெரிக்கா போனது. 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் அதைப் பின்னர் பீங்கானுக்கு மாற்றி உலகம் முழுதும் பரப்பியது.

இதில் முதலில் வெடிப்பது வெளி ஓடு அல்ல. கரி நிற்கும் உள்கிண்ணம். வாங்கிய ஒரு வருடத்தில் அதில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் வந்தால் பதற வேண்டாம். கிண்ணம் தன் இடத்திலேயே நிற்கும் வரை சமையலுக்கு எந்தக் குறையும் இல்லை. சில நிறுவனங்கள் இந்தக் கிண்ணத்தைப் பல துண்டுகளாகவே செய்து அடுக்கி விற்கின்றன. தானாக வரும் விரிசலை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இதை அடைக்காதீர்கள். அடைத்தால் அடைப்புக்குப் பக்கத்தில் புது விரிசல் வரும். கிண்ணம் இரண்டாகப் பிரிந்து சரிகிறது என்றால் மட்டும் வெளியே எடுத்து, எவர்சில்வர் கம்பியை வெளிப்புறம் இரண்டு சுற்றுச் சுற்றி, துண்டுகள் நழுவாத அளவுக்கு முறுக்குங்கள். கம்பி முடிச்சு வெளி ஓட்டில் இடிக்கக் கூடாது. ஆனால் எதையும் செய்யும் முன் ரசீதைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் பீங்கான் பாகங்களுக்கு நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. நீங்கள் பசை பூசிவிட்டால் அந்த உரிமை போய்விடலாம். உடைந்த நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள்.

மூடியிலோ அடி ஓட்டிலோ விரிசல் என்றால் கணக்கு வேறு. கனமான மூடி, அதைத் தூக்கும்போது முகத்துக்கு நேராக இருக்கும். அதை ஒட்டிப் பயன்படுத்த எந்த வழியும் இந்த நூலில் சொல்லப் போவதில்லை. மாற்றுங்கள்.

நான்கு நாள் மெல்லிய தீ

எந்த அடுப்பை மண்ணால் சரிசெய்தாலும் கடைசிப் படி இதுதான். அதிகம் பேர் தோற்பதும் இங்கேதான்.

முதல் நாள் கைப்பிடிக் கரி, ஒரு மணி நேரம். சுவரின் வெளிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தால் போதும். தீ எரியும்போது ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டை அடுப்பின் வாய்க்கு மேல் சாய்வாக, இடுக்கியால் சில நொடி பிடியுங்கள். தட்டில் பனி படிந்தாற்போல் நீர் பூத்தால் மண்ணுக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. மறுநாளும் அதே கைப்பிடிக் கரிதான்.

தட்டு பளிச்சென்று இருந்தால் அடுத்த நாள் கால் அடுப்புக் கரி, இரண்டு மணி நேரம். அதற்கடுத்த நாள் அரை அடுப்பு. நான்காம் நாள் முக்கால் அடுப்பு; அன்று இரவு மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள். ஒவ்வொரு நாளும் விசிறியோ ஊதுகுழலோ இல்லாமல் தீ தன்போக்கில் எரிய வேண்டும். கொட்டாங்குச்சிக் கரியும் சீமைக்கருவேலங்கரியும் உக்கிரமாகக் கனலும். முதல் இரண்டு நாளைக்கு இலேசான மரக்கரி போதும்.

இதையெல்லாம் திறந்த வெளியிலோ நல்ல காற்றோட்டமுள்ள கொட்டகையிலோ செய்யுங்கள். மழைக்குப் பயந்து கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மயங்கி விழும் வரை தெரியாது.

எந்த மாதத்தில் செய்வது?

மண் வேலைக்கு மாசியும் பங்குனியும் ஏற்ற மாதங்கள். ஆனால் கடைக்காரருக்கு அப்போது அடுப்பை நிறுத்த முடியாது. அவருக்கு ஓய்வு கிடைப்பது புரட்டாசியில்தான். பாதிப்பேர் கறி சாப்பிடுவதில்லை, கோழிக் கடைகள் காற்று வாங்கும். சிக்கல் என்னவென்றால் தருமபுரியில் நல்ல மழை பெய்வதும் அந்தச் சமயம்தான். மூன்று நாளில் காய வேண்டிய அடைப்பு ஒரு வாரம் எடுக்கும். ஊறப்போட ஐந்து நாள், அடைக்க ஒரு நாள், காய ஏழு நாள், மெல்லிய தீக்கு நாலைந்து நாள். மொத்தம் பதினெட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறக்கும்போது கடை சூடாக இருக்க வேண்டுமானால், புரட்டாசி முதல் வாரத்திலேயே களிமண்ணைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.